டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வீட்டுக்கு என்ன காபி மெஷின் வாங்கலாம்?

டொராண்டோ பக்கம் வந்து இறங்கிய முதல் மாதத்தில் அவசரப்பட்டு வாங்கி, மூன்றாம் மாதம் அலமாரிக்குள் தள்ளிவிடும் சாமான்களில் காபி மெஷினுக்கு முக்கிய இடம் உண்டு. கடையில் ஒரு வரிசை முழுக்க மெஷின்கள் நிற்கும். விலை 30 டாலரில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டிப் போகும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நீங்கள் குடிப்பது பால் காபியா, பிளாக் காபியா? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வரிசை கழிந்துவிடும். டம்ளரில் முக்கால்வாசி பால் ஊற்றிக் குடிப்பவருக்கு வேண்டியது கொஞ்சமாக, கெட்டியாக இறங்கும் டிகாக்ஷன். இங்கே அதிகம் விற்கும் டிரிப் மெஷின், அதாவது பேப்பர் பில்டரில் போட்ட தூள் மேல் வெந்நீரைச் சொட்டவிடும் மெஷின், அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அதில் இறங்குவது அப்படியே கப்பில் ஊற்றிக் குடிக்கிற பதத்தில் இருக்கும். அதில் பாலைச் சேர்த்தால் பால் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னும் கிளம்பவில்லை என்றால் ஊரிலிருந்து ஒரு பில்டரை எடுத்து வாருங்கள். ஸ்டீலோ பித்தளையோ, எதுவானாலும் சரி. கரண்டில் ஓடும் காபி மேக்கரை மட்டும் கொண்டுவர வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், கனடாவில் 120 வோல்ட். பின் மாற்றும் அடாப்டர் பத்து டாலருக்குள் கிடைக்கும், ஆனால் அது வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். ஊரில் 450 வாட்டில் ஓடிய மெஷின் இங்கே ஏறக்குறைய 120 வாட் சூடுதான் தரும். லைட் எரியும், தண்ணீர் வெதுவெதுப்பாகும், காபி இறங்காது. அதற்காக டிரான்ஸ்பார்மர் வாங்கினால் அந்தக் காசுக்கு இங்கேயே புது மெஷின் வாங்கிவிடலாம்.

காபித்தூளையும் செக்-இன் பெட்டியிலேயே வையுங்கள். டொராண்டோ ஏர்போர்ட்டில் இறங்கியதும் உணவுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

பில்டர் கையில் இருந்தால் முதல் ஆறு மாதத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே ஒரு சிக்கல் உண்டு. ஊரில் துளை அடைத்துக்கொண்டால் பில்டரின் அடியைக் கேஸ் தீயில் காட்டி எடுப்போம், மண்டி கருகி உதிர்ந்துவிடும். இங்கே பேஸ்மென்ட் (வீட்டின் அடித்தளத்தில் வாடகைக்கு விடும் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் எலக்ட்ரிக் அடுப்புதான், தீ கிடையாது. வெள்ளை வினிகரும் வெந்நீரும் சரிபாதி கலந்து, அதில் ஸ்டீல் பில்டரை (பித்தளை என்றால் வேண்டாம்) இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் அடியிலிருந்து தேயுங்கள். அடைத்த துளைக்கு ஊசி போதும். பில்டர் கொண்டுவரவில்லையா? வியட்நாமியக் கடையில் ‘ஃபின்’ என்று கேளுங்கள். கப்பின் மேல் உட்காரும் சின்ன பில்டர் அது. சில டாலர்தான். வேலை செய்யும் விதம் நம் பில்டர் போலவே, ஆனால் ஒரு நேரத்துக்கு ஓர் ஆளுக்குத்தான் வரும்.

அதே கடையில் கஃபே டு மோண்ட் என்று ஒரு மஞ்சள் டப்பாவையும் பார்ப்பீர்கள். நியூ ஆர்லியன்ஸ் ஊர்க் காபி, சிக்கரி கலந்தது. நம் தூள் தீர்ந்துபோன வாரத்தில் அது கைகொடுக்கும். நரசுஸ், கோத்தாஸ் போன்றவற்றுக்கு இந்தியக் கடைதான். ஸ்கார்பரோவின் இலங்கைக் கடைகளில் கோப்பித்தூள் பாக்கெட்டும் இருக்கும். வாங்கும் முன் பின்பக்கம் படித்துவிடுங்கள், சிலதில் மல்லியும் சுக்கும் சேர்ந்திருக்கும். அதுவும் நல்ல சாமான்தான், ஆனால் பில்டர் காபி ஆகாது.

சரி, மெஷினுக்கு வருவோம்.

டிரிப் மெஷின் பெட்டியில் ‘12 கப்’ என்று போட்டிருந்தால் அந்தக் கப் சுமார் 150 மில்லிதான். கனடாக்காரர் கையில் வைத்திருக்கும் குவளைக்கு அதில் ஆறு கூடத் தேறாது. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 5 கப் மெஷின் போதும். அதில் சிக்கரி கலந்த நம் தூளைப் போடாதீர்கள். நைசாக அரைத்த தூள் பேப்பரை அடைத்துவிடும், மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், சற்று நேரத்தில் மண்டியோடு சேர்ந்து சமையலறைக் கவுன்டர் முழுக்க வழியும். அதற்குரிய கொஞ்சம் கொரகொரப்பான தூளைத்தான் போட வேண்டும். அப்புறம், கண்ணாடி ஜாடியின் அடியில் சூடு தட்டு இருக்கும் மாடலில் அரை மணி நேரத்துக்கு மேல் காபியை விட்டால் கசப்பேறும். பிளாஸ்க் போன்ற ஜாடி உள்ள மாடல் கொஞ்சம் விலை கூட, ஆனால் அதுதான் தேவலை. நைட் ஷிப்ட் முடிந்து ஒருவர், காலை வேலைக்குக் கிளம்பி ஒருவர் என்று ஆளுக்கொரு நேரம் குடிக்கும் ஷேர் வீடுகளுக்கு இது பொருந்தும். பிளாக் காபிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இதுதான்.

பாட், அதாவது ஒரு கப்புக்கான தூளை அடைத்த சின்ன கேப்சூல், போடும் மெஷின்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு கேப்சூலில் காசு பார்க்கிற வியாபாரம் அது. நாளுக்கு நாலு கப் குடிக்கும் வீட்டில், ஒரு கேப்சூல் 70 சென்ட் என்று வைத்தாலும் மாதம் 84 டாலர் ஆகிவிடும். பாலுக்கு ஈடுகொடுக்கும் அழுத்தமும் கியூரிக் என்ற கம்பெனி மெஷினின் காபியில் வராது. நெஸ்பிரெஸ்ஸோவில் அழுத்தம் உண்டு. ஆனால் அதில் ஒரிஜினல், வெர்டுவோ என்று இரண்டு வகை, ஒன்றின் கேப்சூல் மற்றதில் நுழையாது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரிஜினலை எடுங்கள், அதற்கு மற்ற கம்பெனிகளின் கேப்சூலும் மலிவாகக் கிடைக்கும்.

பால் காபிக்கு நான் சொல்வது மோக்கா பாட். இத்தாலியில் பியாலெட்டி 1933-ல் கொண்டுவந்த எட்டுப்பட்டை கெட்டில்தான் அது. கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே டிகாக்ஷன். தண்ணீரை உள்ளே தெரியும் சின்ன வால்வுக்குக் கீழே வரை மட்டும் ஊற்றுங்கள். வால்வு மூழ்கக் கூடாது. தூளை நிரவினால் போதும், பில்டரில் அமுக்குவது போல அமுக்கக் கூடாது. அடுப்பில் இருப்பதிலேயே சின்ன பர்னரை மிதமான சூட்டில் வைத்து மூடியைத் திறந்தே விடுங்கள். முதலில் கறுப்பாக, தேன் பதத்தில் எட்டிப் பார்க்கும். நிறம் வெளுத்து சீறும் சத்தம் வந்ததும் எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வருவது வெறும் கசப்பு. இதில் ‘கப்’ என்றால் 50 மில்லி கூட வராது. மூன்று கப் மோக்கா பாட் ஒன்றில் இரண்டு டம்ளர் பால் காபி போடலாம். சிக்கரி குறைந்த தூளாகவோ, தூய காபியாகவோ இருந்தால் தொந்தரவில்லாமல் இறங்கும். அலுமினியப் பாட் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது, டிஷ்வாஷரில் போட்டால் கறுத்துப்போகும். இன்டக்‌ஷன் வீடு என்றால் அதற்கேற்ற ஸ்டீல் பாட் கேளுங்கள்.

பம்ப் வைத்த எஸ்பிரெஸ்ஸோ மெஷினை முதல் வருடம் தள்ளிப்போடலாம். வேலை நிலைத்து, சொந்த கவுன்டர் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். நம் தூளை அதில் போட்டு அடைத்துக்கொண்டால் ரிப்பேர் செலவு மோக்கா பாட் விலையைத் தாண்டும்.

எந்த மெஷினானாலும் பேஸ்மென்டில் ஒரு கணக்கு உண்டு. பல பழைய வீடுகளில் ஒரே 15 ஆம்பியர் பிரேக்கரில்தான் பல பிளக்குகள் தொங்கும். 1500 வாட் கெட்டில் 12.5 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். அதே நேரத்தில் 900 வாட் டிரிப் மெஷினையும் போட்டால் டப்பென்று இருட்டு. பிரேக்கர் பெட்டி மாடியில் வீட்டுக்காரர் பக்கம் இருந்தால், காலை ஐந்தரைக்கு அவரை எழுப்ப வேண்டி வரும். ஒன்று முடிந்த பிறகு ஒன்றைப் போடுங்கள்.

பாலுக்கு ‘ஹோமோ மில்க்’ வாங்குங்கள், 3.25 சதவீதம் கொழுப்பு. மலிவென்று 1 சதவீதப் பாலை எடுத்தால் எந்த மெஷினும் உங்களைக் காப்பாற்றாது. ஒன்டாரியோவில் 4 லிட்டர் பால் மூன்று பையாக வரும். ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்த பால், பொங்கவிட வேண்டியதில்லை, சூடாக்கினால் போதும். பொங்கவிடுவதுதான் பழக்கம் என்றால் ஒன்று கவனியுங்கள். சுருள் அடுப்பை அணைத்த பிறகும் சூடு இறங்காது, பால் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பாத்திரத்தை அடுப்பிலிருந்தே நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வழிந்த பால் கருகி, ஸ்மோக் அலாரம் வீட்டையே எழுப்பிவிடும். மைக்ரோவேவ் என்றால் பீங்கான் கப்பில் வையுங்கள், டபரா டம்ளரை உள்ளே வைக்காதீர்கள்.

வாங்கும்போது விலைச் சீட்டில் வரி சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவில் 13 சதவீதம் பில்லில் ஏறும், 100 டாலர் மெஷின் 113 ஆகும். ரசீதையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், பிடிக்கவில்லை என்றால் குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுப்பது இங்கே சாதாரணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய சாமான் கடையில் டிரிப் மெஷின் மிக மலிவாகக் கிடைக்கும். அடியில் மின் பாதுகாப்புச் சான்றான சிஎஸ்ஏ முத்திரையோ, யூஎல் முத்திரையின் பக்கத்தில் சின்ன ‘சி’ எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே பிளக்கில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் வினிகர் தண்ணீரையும், பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீரையும் ஓடவிடுங்கள். பழைய உப்புப் படிவு போய்விடும்.

கடைசியாக, மண்டியைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். பேஸ்மென்ட் குழாய் அடைத்தால் பிளம்பர் பில் உங்கள் தலையில்தான் விழும். டொராண்டோ நகருக்குள் என்றால் காபி மண்டியும் பில்டர் பேப்பரும் பச்சைத் தொட்டிக்கு, பிளாஸ்டிக் கேப்சூல் குப்பைக்கு. மிசிசாகா, மார்க்கம் பக்கம் இருப்பவர்கள் அந்தந்தப் பகுதியின் குப்பை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.