சாட்சி சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஆட்கள்

சபையின் கன்வென்ஷன், அதாவது எழுப்புதல் கூட்டங்கள், முடிந்த மறு வாரம் எனக்கு வேலை கூடிவிடும். மனந்திரும்புகிறேன் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்கள், முன்னால் போய் முழங்கால் போட்டவர்கள், அழுதவர்கள் எல்லாரையும் "டீச்சர்கிட்ட போய்ப் பேசுங்க" என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சேகரத்தில் (போதகரின் கீழ் உள்ள சபை வட்டாரத்தில்) பிள்ளைகளை நற்கருணைக்குத் தயார்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பு என் பொறுப்பு. அதோடு இதுவும் வந்து ஒட்டிக்கொண்டது. வருகிறவர்களில் கொஞ்சம் யோசிக்கிறவர்கள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "டீச்சர், எனக்குள்ள நடந்தது நிஜந்தானா, இல்ல பாட்டும் மைக்கும் சேர்ந்து பண்ணினதா?"

நல்ல கேள்வி. ஆனால் கண்ணை மூடி மனசுக்குள் தேடினால் பதில் கிடைக்காது. மனசு ராத்திரி ஒன்று சொல்லும், விடிந்ததும் வேறொன்று சொல்லும். அதனால் நான் அவர்களை ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்வேன். சின்ன நோட்டு போதும். அதில் பாவங்களை எழுத வேண்டாம், ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். உங்களால் நஷ்டப்பட்டவர், அவமானப்பட்டவர், நீங்கள் பேசாமல் விட்டவர். பொய், பொறாமை, பெருமை என்று எழுதினால் யாருடைய நோட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், படித்து அழுதுவிட்டு மூடி வைத்துவிடலாம். பெயர் எழுதினால் அந்த ஆள் தெருவில் எதிரே வருவார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் தொழிலில் தொடங்குங்கள். வேதத்தில் லூக்கா 3ஆம் அதிகாரத்தில் யோவான்ஸ்நானகனிடம் ஜனங்கள் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி இருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிக்கிறவர்களுக்கு, கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே. போர்ச்சேவகருக்கு, மிரட்டிப் பிடுங்காதே, பொய்யாகக் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்றிரு. கேள்வி ஒன்றுதான், பதில் அவரவர் தொழிலுக்குத் தகுந்தபடி. வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஆகவே வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர் தராசைப் பற்றி எழுதட்டும். வாத்தியாராக இருந்தால், வகுப்பில் பாதி சொல்லி மீதியை ட்யூஷனுக்கு ஒதுக்கி வைத்ததைப் பற்றி. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற அம்மா, அந்தப் பெண்ணுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற டம்ளரைப் பற்றி.

அடுத்தது பணம். இதில் நிறையப் பேர் நழுவப் பார்ப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லூக்கா 19இல் வருகிற, வரி வசூலிக்கிற சகேயு என்றதும் காட்டத்தி மரத்தில் ஏறிய குள்ள மனிதர்தான் ஞாபகம் வருகிறார். ஓய்வுநாள் பாடசாலையில் நாங்கள் வரையச் சொல்வதும் அந்தப் படத்தைத்தான். கதையின் கனம் மரத்தில் இல்லை, அவர் எழுந்து நின்று சொன்ன கணக்கில் இருக்கிறது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியது உண்டானால் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன். தானாக ஒத்துக்கொண்டவனுக்கு மோசேயின் சட்டம் அவ்வளவு கேட்கவே இல்லை. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் 5இல் இருக்கிறது. ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோதான் ஒன்றுக்கு நாலு. யாரும் தீர்ப்புச் சொல்லாமலே திருடனுக்குரிய தண்டனையைத் தானே எடுத்துக்கொண்டார் மனிதர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதி கொடுத்த பிறகு மீதிப் பாதியில் நாலத்தனை என்றால், சொத்தில் எட்டில் ஒரு பங்கு தப்பு வழியில் வந்திருந்தாலே கையில் ஒன்றும் மிஞ்சாது.

இதைக் கேட்டதும் சிலர், அப்போ கடனை அடைத்தால்தான் இரட்சிப்பா என்று கேட்பார்கள். இல்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு கூப்பிட்டபோது சகேயு ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கிருபை முந்திக்கொண்டது. அது உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகத்தான் பணப்பெட்டி திறந்தது. அன்று பெட்டி திறக்காமலே இருந்திருந்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளி யார் என்று அவருக்குப் புரியவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

செய்முறைக்கு வருவோம். நாலத்தனை கொடு என்று நான் யாரையும் நெருக்குவதில்லை. முதலும் ஐந்தில் ஒரு பங்கும் என்பது நடக்கிற காரியம்: ஐயாயிரம் என்றால் ஆறாயிரம். ஒரே தடவையில் முடியாதென்றால் தவணையில் கொடுங்கள், ஆனால் தேதி சொல்லிக் கொடுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்து உங்கள் மனசாட்சிக்கு நிம்மதி வாங்காதீர்கள். நோட்டில் இன்னொரு பெயர் ஏறும். ஏலச்சீட்டு நடத்திப் பாதியில் கைவிட்ட ஒரு பெண் வந்திருந்தார். சீட்டுக் கட்டியவர்களில் சிலர் திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள், ஒருவர் இறந்தே போனார், என்ன செய்ய என்று கேட்டார். முதலில் உறவுக்காரர்களிடம் போன் நம்பர் வாங்குங்கள். இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். யாருமே இல்லையென்றால் அது கர்த்தருக்குச் சேரும் என்று அதே எண்ணாகமம் வழி சொல்கிறது. ஆனால் காணிக்கைக் கவரில் பெயர் எழுதிப் போட வேண்டாம் என்றேன். விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை எவ்வளவுக்கு எடுத்தோம் என்பதையே மைக்கில் கேட்டுப் பழகிய ஊர் எங்கள் ஊர்.

பணம் இல்லாத கடன்களுக்கு நேரில் போக வேண்டும். போகும்போது செய்த காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க" என்பது கல்யாண வீட்டில் விடைபெறும்போது சொல்கிற பேச்சு. வரப்புத் தகராறில் அண்ணனோடு பேசாமல் இருந்த ஒருவரை, வாசலில் நின்று இதை மட்டும் சொல்லச் சொன்னேன்: "அண்ணே, கிணத்துப் பக்கத்து வரப்ப நான்தான் ரெண்டு முழம் தள்ளி வெட்டினேன். சர்வேயரக் கூட்டிட்டு வாரேன், கல்லப் பழைய எடத்துலயே நடுவோம்." அண்ணன் வாயைத் திறக்கவில்லையாம். மைனிதான் "காப்பி குடிக்கீங்களா" என்று கேட்டாராம். அது போதும். மன்னிப்பை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிடக் கூடாது, அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். அன்றைக்குச் சுவிசேஷக் கைப்பிரதியும் கொண்டுபோகாதீர்கள், நீங்களும் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடவும் வேண்டாம்.

எல்லார் வீட்டுக்கும் நேரில் போகலாம் என்றும் இல்லை. ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்தவர், மனந்திரும்பிவிட்டேன் என்று அவர்கள் வாசலில் போய் நிற்பதே அவர்களுக்கு இன்னொரு தீங்கு. இப்படிப்பட்டவற்றை முதலில் ஐயரிடம் சொல்லுங்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டிய விஷயம் என்றால் ஜெபத்தால் அதை மூடி மறைக்க முடியாது. அந்தத் தண்டனையைத் தாங்குவதும் மனந்திரும்புதலில் சேர்ந்ததுதான்.

அப்புறம் சாப்பாடு. சிரிக்காதீர்கள், நம் சபைகளில் மனந்திரும்புதல் அதிகமாக மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் இதுதான். இயேசுவின் சீஷர் பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கம் பண்ணியவர், புறஜாதியாரான, அதாவது யூதரல்லாத, கொர்நேலியு வீட்டுக்குள் போனவர். அவரே அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிடுவதை விட்டுவிட்டு நைசாக விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). தமிழ்நாட்டில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையை விட்டே போனார்கள். பழைய கடவுளை விட்டு வந்திருந்தார்கள், பழைய பந்தியை விட முடியவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவை விளம்பரங்களைப் பாருங்கள், இரட்சிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும். ஆகவே நோட்டில் தனியாக ஒரு பக்கம்: நான் யார் வீட்டில் கை நனைத்ததே இல்லை? என் அடுப்படி வரைக்கும் யார் வந்ததே இல்லை? சபை விருந்தான அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் உள்ளே ஒன்றுமே மாறின மாதிரி இல்லையே என்று சிலர் சோர்ந்துபோய் வருவார்கள். அவர்களுக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிச் சொல்வேன். குருவாக அபிஷேகம் பெற்று, ஜார்ஜியா வரை மிஷனரியாகப் போய்த் திரும்பிய பிறகு, 1738 மே 24ஆம் தேதி மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில்தான் அவர் இருதயம் அனல்கொண்டது. அந்தத் தேதியை மெதடிஸ்டுகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அடுத்த ஜனவரியிலேயே, நான் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அப்படி எழுதியவர் அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் குதிரையிலும் வண்டியிலும் அலைந்து பிரசங்கித்தார். அனல் ஆறிவிட்டது என்பதற்காக நோட்டை மூட வேண்டியதில்லை.

மெதுவாக மாறுவதையே சாக்காக வைத்துக்கொள்கிறவர்களுக்கு, "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றிச் சொல்வேன். 1748 மார்ச்சில் கடும் புயலில் கப்பல் மூழ்கப் போனபோது அவர் தேவனைக் கூப்பிட்டார். அந்த நாளை வாழ்நாள் முழுக்க நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்கு கேப்டன் ஆனார். 1754 வரை அந்தத் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளுக்கு ஆராதனையும் நடத்தினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல்தான். தேவன் அவரிடம் நாற்பது வருஷம் பொறுமையாக இருந்தார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் மாற்றம் தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் யாரோ வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே மாறியதை எப்படித்தான் கண்டுகொள்வது? சில மாதம் கழித்து உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். கோபமே வரவில்லையா என்று கேட்காதீர்கள், வரத்தான் செய்யும். வந்த கோபம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். ஆகாத சொந்தக்காரர் வீட்டில் ஒரு கெட்டது நடந்ததென்று கேள்விப்பட்டபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கலாத்தியர் 5இல் சொல்லியிருக்கிற கனிகளில் நீடியபொறுமை, தயவு, சாந்தம் எல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் காய்க்கும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரும் சாந்தமாக இருந்துவிடலாம். வீட்டார் "ஒண்ணும் பெருசா மாறல" என்று சொன்னால் வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வாதாடாமல் கேட்க முடிந்தது என்பதையே முதல் மாற்றமாக எழுதிக்கொள்ளலாம்.

வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் உங்களுக்கே தெரியும். லூக்காவில் தொடங்குங்கள், கொஞ்சமாகப் படியுங்கள், போதும். இந்துக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் ஞானஸ்நானத்துக்கு அவசரப்பட வேண்டாம். பெயர் மாற்றவும் வேண்டாம், அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கர்த்தருக்குக் கேட்கும். அம்மாவின் சாமி படத்தைக் கழற்றாதீர்கள், அவர் கையால் போடுகிற சோற்றை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். உங்கள் நோட்டில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கப் போகிறது.

உங்களுக்குள் நடந்ததைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொல்ல ஐயர் கூப்பிட்டால், நோட்டில் உள்ளவர்களில் பாதிப் பேரையாவது பார்த்து முடித்த பிறகு மேடை ஏறுங்கள். ஐந்து நிமிஷம் போதும். பழைய பாவத்தை ருசித்து ருசித்துச் சொல்லாதீர்கள். முக்கியமாக, யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டீர்களோ அவர் பெயரைச் சொல்லாதீர்கள், அடையாளமும் சொல்லாதீர்கள். ஊருக்குள் நாலு தெருதான், கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய், இன்னதைச் சொல்லப் போகிறேன், உங்களுக்குச் சரிதானா என்று கேட்டுவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் அந்த ஞாயிறு ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.