ரிவி கட்டம் கட்டமாக உடைகிறதா? ரீரியூனைத் தொடாதீர்கள்

ஏரியலால் வரும் ரிவிப் படம் கட்டம் கட்டமாக உடைந்து 'நோ சிக்னல்' என்று வந்தால், முதலில் ரிமோற்றைக் கீழே வையுங்கள். ரீரியூன் செய்யாதீர்கள், அதாவது சனல்களைப் புதிதாகத் தேடும்படி ரிவிக்குச் சொல்லாதீர்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் ரீரியூன் கொடுத்தால் ரிவி பழைய பட்டியலை அழித்துவிட்டு, அந்த நேரம் கிடைப்பதை மட்டும் பதிந்துகொள்ளும். ஒன்றும் கிடைக்காவிட்டால் பட்டியல் வெறுமை. பிறகு சிக்னல் திரும்பி வந்தாலும் ரிவிக்குத் தெரியாது. என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

நான் ஏரியல் வேலை படித்தவள் இல்லை. லண்டனில், ஹரோவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. கோயிலில் யாராவது என் கணவரிடம் "தம்பி, ரிவி வருகுதில்லை, ஒருக்கா வந்து பாரும்" என்றால் அவர் என்னைக் கைகாட்டுவார். பழக்கம் சின்ன வயதில் வந்தது. வல்வெட்டித்துறையில் அப்பா கூரையில் நின்று அன்ரெனாவைத் திருப்புவார், அம்மா ரிவிக்கு முன்னால், நான் முற்றத்தில். அம்மா "புள்ளியடிக்குது" என்றால் நான் அதை மேலே பார்த்துக் கத்த வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தூரதர்ஷன் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த அனலொக்கில் ஒரு நன்மை இருந்தது. சிக்னல் குறையக் குறையப் படமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கண்ணே சொல்லிவிடும். டிஜிற்றலில் அது கிடையாது. தேவையான அளவுக்கு மேலே நிற்கும்வரை படம் கண்ணாடி மாதிரி. கொஞ்சம் கீழே இறங்கினால் கட்டங்கள், இன்னும் கொஞ்சம் இறங்கினால் கறுப்பு. "நேற்றுவரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று எல்லோரும் சொல்வார்கள். நேற்றும் அது விளிம்பில்தான் நின்றிருக்கும், படத்தில் தெரிந்திருக்காது.

லண்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு ஃபிரீவியூ (ஏரியலால் இலவசமாக வரும் டிஜிற்றல் ரிவி) வருவது கிறிஸ்ரல் பலஸ் கோபுரத்திலிருந்து. 219 மீற்றர் உயரம். 2012 ஏப்ரல் 18 அன்று அங்கே அனலொக் முழுதாக நின்றது. இப்போது சனல்கள் தனித்தனியாக வருவதில்லை. பல சனல்களை ஒரு கட்டாகக் கட்டி, ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்கு மல்ரிபிளெக்ஸ் என்று பெயர். கிறிஸ்ரல் பலஸின் ஆறு பெரிய கட்டுகள் வரும் யூஎச்எஃப் எண்கள் (ரிவி அலைவரிசைகளுக்குக் கொடுத்த எண்கள்) 23, 26, 30, 25, 22, 28. பிபிசி வன் 23இல். ஐரிவி, சனல் 4, சனல் 5 எல்லாம் 26இல். 101இல் பார்க்கிற பிபிசி வன் எச்டி 30இல். மிச்சம் மூன்றும் வியாபாரச் சனல்களுக்கு. ரிமோற்றில் அமத்துகிற இலக்கம் வேறு, இந்த எண் வேறு. இதைக் குழப்பாதீர்கள்.

இவ்வளவும் எதற்கென்றால், நான் கேட்கும் முதல் கேள்விக்காக: ரிமோற்றில் 1 (பிபிசி வன்) வருகிறதா, 3 (ஐரிவி) வருகிறதா, 101 (பிபிசி வன் எச்டி) வருகிறதா? மூன்றும் வேறு வேறு கட்டில் வருபவை. மூன்றும் இல்லையென்றால் கேபிள், பிளக், பூஸ்ரருக்கு (சிக்னலைப் பெருப்பிக்கிற கருவி) போகும் கரண்ட், இவற்றில் ஏதோ ஒன்று. மூன்றில் ஏதாவது ஒன்று மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்காது. அந்த ஒரு கட்டை ஏதோ குழப்புகிறது, அல்லது சிக்னல் முழுவதுமே விளிம்பில் நின்று, அதில் பலவீனமானது முதலில் விழுந்திருக்கிறது. வீட்டில் இரண்டு ரிவி இருந்தால் இரண்டிலும் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் கோபுரத்தில் வேலை நடக்கக்கூடும். ஃபிரீவியூ இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் அறிவித்திருப்பார்கள்.

அடுத்து ரிவியின் மெனுவுக்குள் போய் சிக்னல் பக்கத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கும். அங்கே பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். எல்லோரும் பலத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் தரத்தைப் பாருங்கள், அதுவும் ஒரு முழு நிமிடம். பலம் குறைந்து தரமும் குறைந்தால் சிக்னல் வந்து சேரவில்லை. பலம் உச்சியில் நின்றபடி தரம் மட்டும் துள்ளினால், வேறேதோ உள்ளே புகுகிறது, அல்லது சிக்னலே அளவுக்கு மிஞ்சிவிட்டது.

அளவுக்கு மிஞ்சுவதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கலியாணம் முடித்த புதிதில் தோர்ன்ரன் ஹீத்தில் மேல்மாடி வீடு ஒன்றில் இருந்தோம், கோபுரத்திலிருந்து மூன்றரைக் கிலோமீற்றர்தான் இருக்கும். யன்னலால் பார்த்தால் இரண்டு கோபுரங்கள் தெரியும்: ஒன்று பியூலா ஹில்லில் நிற்கும் குரொய்டன் கோபுரம், மற்றது கிறிஸ்ரல் பலஸ். (இரண்டில் உயரமானதுதான் நமக்கு வேண்டியது. குட்டிக்கு நேராக ஏரியலைத் திருப்பி வைத்திருக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன்.) படம் இடைக்கிடை உடைந்தது. கணவர் பூஸ்ரர் ஒன்று வாங்கிவந்து பூட்டினார், பாதிச் சனல் போய்விட்டது. அதைவிடப் பெரிய பூஸ்ரர் வாங்கினார், எல்லாமே போய்விட்டது. ரிவியின் ரியூனர் ஓர் அளவுக்கு மேல் வாங்க முடியாமல் திணறும். பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கத்தினால் சொல் புரியாத மாதிரி. தீர்வு, சிக்னலைக் குறைக்கிற அற்றெனுவேற்றர் என்ற சின்ன உருளை. சில பவுண்தான். ஏரியல் கேபிளுக்கும் ரிவிக்கும் நடுவே பூட்டி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன், தரம் ஏறியது. இரண்டு பூஸ்ரரும் இன்னும் லொஃப்ற்றில் (கூரைக்குக் கீழே உள்ள பரணில்) கிடக்கின்றன. ஆகவே கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பவர்கள் பூஸ்ரர் வாங்க முன் அற்றெனுவேற்றரை முயன்று பாருங்கள்.

ஹரோவுக்கு மாறிய பிறகு கதை மாறியது. இங்கே கோபுரம் தென்கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர். வீடு வாங்கும்போதே ஏரியல் கம்பத்தில் பூஸ்ரர் இருந்தது. அந்த இடம் சரியானதுதான். கேபிளால் இறங்கிவந்து பலம் இழந்த சிக்னலை ரிவிக்குப் பின்னால் வைத்துப் பெருப்பித்தால், கூடவே இரைச்சலும் பெருக்கும். கம்பத்துப் பூஸ்ரருக்குக் கரண்ட் அதே கேபிளால் மேலே போகும். அதை அனுப்பும் சின்னப் பெட்டி லொஃப்ற்றில், அல்லது ரிவிக்குப் பின்னால் ஒரு சொக்கெற்றில் இருக்கும். ஒரு சனிக்கிழமை மூன்று அறையிலும் ரிவி கறுப்பு. பிளக் கழற்றினேன், கேபிள் நுனியைப் புதிதாகச் சீவினேன் (நடுக் கம்பியில் வெளிப் பின்னலின் ஒரு மயிரிழை தொட்டாலும் சிக்னல் போய்விடும், அதையும் பாருங்கள்). ஒன்றும் இல்லை. பின்னேரம் மாமி தேத்தண்ணியோடு வந்து, "பிள்ளை, மேல லொஃப்ற்றில சிவப்பு லைற் ஒண்டு சும்மா எரிஞ்சுகொண்டிருந்தது, நூத்துவிட்டனான்" என்றார். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் பிளக்கைத் தொட முன் நான் அந்தப் பெட்டியைத்தான் தேடுவேன்.

நம்மவர் வீடுகளில் இன்னொன்று. தமிழ்ச் சனல் பார்க்க ஒரு பொக்ஸ் இருக்கும், அதற்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள். மலிவுக் கேபிளென்றால் அதிலிருந்து கசிகிற இரைச்சல், பக்கத்தில் ஓடுகிற ஏரியல் கேபிளுக்குள் ஏறும். வெம்பிளியில் ஒரு ஐயா 101 விட்டுவிட்டு வருகிறதென்று ஏரியலையே மாற்ற நின்றார். பொக்ஸை நிறுத்தினேன், 101 அசையாமல் நின்றது; போட்டேன், உடைந்தது. இரண்டு கேபிளையும் ஓர் அடி விலக்கி, ரிவிக்குப் போகிற அந்த மெல்லிய வெள்ளை ஏரியல் வயரை எறிந்துவிட்டு, சற்றலைற்றுக்குப் பாவிக்கும் இரட்டைக் கவசக் கேபிளில் ஒரு துண்டு போட்டேன். சரியாகிவிட்டது.

4ஜி, 5ஜியைப் பலர் குற்றம் சொல்வார்கள். முன்பு ரிவிக்கு இருந்த 800, 700 மெகாஹேர்ட்ஸ் பகுதிகள் இப்போது கைபேசிக்குப் போய்விட்டது உண்மை. ஆனால் கிறிஸ்ரல் பலஸின் ஆறு கட்டுகளும் 482க்கும் 546க்கும் நடுவே, தள்ளித்தான் இருக்கின்றன. பூஸ்ரர் உள்ள வீடுகளில்தான் நான் இதைச் சந்தேகிப்பேன், ஏனென்றால் அது கைபேசிச் சிக்னலையும் சேர்த்து வாங்கித் திணறும். கைபேசிச் சிக்னலைத் தடுக்கிற ஃபில்ரர் போடுவதென்றால் பூஸ்ரருக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை.

காற்றே அசையாத, வெயில் எறிக்கிற நாட்களில் படம் உடைந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். உயர் அழுத்தக் காலநிலையில் பிரான்ஸ், பெல்ஜியம், ஒல்லாந்துக் கோபுரங்களின் சிக்னல் வளைந்து இங்கே வந்து, அதே அலைவரிசையில் நம்முடையதோடு மோதும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ரீரியூன் செய்து பட்டியலைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் தொலைக்கிறார்கள். மற்றது மரம். ஏரியலுக்கு முன்னால் நிற்கும் மரம் மாரியில் மொட்டையாக இருக்கும்போது படம் நன்றாக இருக்கும். இலை தழைத்து மழையில் நனைந்தால் சிக்னலைக் குடித்துவிடும். அதற்கு ஏரியலை உயர்த்துவது அல்லது இடம் மாற்றுவதுதான் வழி.

கூரைக்கு நீங்கள் ஏறாதீர்கள். கீழே நின்று பார்த்தாலே நிறையத் தெரியும். தெருவில் மற்ற ஏரியல்கள் ஒரு பக்கம் பார்க்க உங்களுடையது மட்டும் வேறு பக்கம் பார்த்தால் காற்று திருப்பியிருக்கும். கம்பிகள் படுத்திருந்தால் கிறிஸ்ரல் பலஸ் மாதிரியான பெரிய கோபுரத்துக்கு. நட்டுக்குத்தாக நின்றால் பெரும்பாலும் ஒரு சிறு ரிலேக்கு (பெரிய கோபுரத்தின் சிக்னலைத் திருப்பி அனுப்பும் சின்னக் கோபுரம்). அநேக ரிலேகளில் ஆறு கட்டும் வராது, மூன்றுதான். ஏரியல் நுனியில் சிவப்பு அடைப்பு இருந்தால் அது 'ஏ' குறூப், கிறிஸ்ரல் பலஸின் ஆறு எண்களும் அடங்கும் பகுதிக்கென்று செய்தது.

ஏரியல்காரரைக் கூப்பிட்டால் காசு கொடுக்க முன் மீற்றரை ரிவி சொக்கெற்றில் பூட்டி, ஆறு எண்ணுக்கும் அளவை வாசிக்கச் சொல்லுங்கள். அதையும் திகதியையும் ஒரு ரேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை உடையும்போது எது எவ்வளவு விழுந்தது என்று ஒப்பிடலாம். எங்கள் வீட்டில் அது லொஃப்ற்றில், அந்தச் சிவப்பு லைற்றுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கீழே, மாமிக்காக, "நூக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில்.