வேங்கை மரத்தில் நிலை, சன்னல்: பெங்களூரில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

பெங்களூரில் வீடு கட்டும் நம்மவர்கள் தேக்கின் விலையைக் கேட்டபின் தேடுவது பெரும்பாலும் வேங்கையைத்தான். மைசூர் சாலை மரக்கடைகளில் ‘ஹொன்னே’ என்று கன்னடப் பெயரில் கேளுங்கள். தேக்கைவிடக் கனமான மரம், கரையானை எதிர்க்கும், திருகைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் இந்தக் குணமெல்லாம் வைரத்துக்கு, அதாவது மரத்தின் நடுவிலுள்ள முற்றிய பகுதிக்கு, மட்டுமே உண்டு.

வைரத்தைச் சுற்றி வெளிறிய மஞ்சளாக ஓடும் வெள்ளையைக் கவனிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. சட்டத்தின் ஒரு மூலையில் அரை அங்குலம் வெள்ளை இருந்தாலும் பூச்சி அங்கே ஏறும், மாவாகக் கொட்டும். காவியோ எண்ணெயோ தடவிய சட்டத்தில் வெள்ளை கண்ணுக்குத் தெரியாது. அதனால் முனையைப் புதிதாக அரை அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

வேங்கைதானா என்ற சந்தேகம் வந்தால், வைரத்தின் சீவலை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். வெயிலில், பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பார்த்தால் தண்ணீரின் ஓரத்தில் நீலம் மினுங்கும். இதே இனத்தைச் சேர்ந்த வேறு சில மரங்களிலும் இப்படித் தெரியும் என்பதால், பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.

அளவிலும் ஏமாற வேண்டாம். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலத்தில், 5-க்கு 3 அங்குலச் சட்டத்தால் நான்கு பக்க நிலை செய்ய 21 அடி ஓட்டம் வரும். 21-ஐ 15-ஆல் (5 × 3) பெருக்கி 144-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.2 கன அடி. இழைப்பில் ஒவ்வொரு அளவிலும் கால் அங்குலம் போகும். பில் போடுவது இழைப்பதற்கு முந்தைய அளவுக்குத்தான்.

பச்சை மரத்தில் நிலை செய்வது அடுத்த தவறு. ஈரமானியை முனையில் வைத்துப் பார்க்காதீர்கள்; அங்கே முதலில் காய்ந்துவிடும். நடுப்பகுதியில் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால், இணைப்பு பின்னால் விரியும். வேங்கை மெதுவாகக் காய்கிற மரம். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் முனையிலிருந்து பிளக்கும். முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசி, நிழலில் இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இடையில் வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்று நேர்கோட்டில் இருக்க வேண்டும். விலகினால் பலகை வளையும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மஞ்சள் கறையில்தான். வேங்கையில் தண்ணீரில் கரையும் சாயம் நிறைய உண்டு. பூச்சில்லாத நிலையைச் சுவரில் நிறுத்தி, சிமென்ட் வேலைக்குத் தண்ணீர் அடித்தால் சாயம் இறங்கும். புதுப் பூச்சுச் சுவரிலும் வெளிர்நிற கிரானைட் படியிலும் பழுப்பு மஞ்சள் கோடு விழும். கல்லில் ஊறினால் எடுப்பது பெரும்பாடு. ஆகவே நிலையை நிறுத்தும் முன்பே நான்கு பக்கமும் பூச்சு முடிந்திருக்க வேண்டும். சுவரோடு ஒட்டும் பக்கத்துக்குத் தார்ப் பூச்சு போதும். தரையைத் தொடும் கால்முனையில் இரண்டு முறை பூசுங்கள், ஈரம் ஏறும் வழி அதுதான். வேலை முடியும்வரை பாலிதீன் சுற்றி வையுங்கள். வெள்ளை பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் தண்ணீர் கலக்கும் பெயிண்டை நேரடியாக அடிக்கக் கூடாது. மஞ்சள் மேலே கசியும். முதலில் அரக்கு சீலர் இரண்டு கோட்.

திருகு விஷயம் சின்னதுதான், ஆனால் வேலையைக் கெடுக்கும். துளை போடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும், பித்தளைத் திருகு தலையோடு முறியும். 4 மி.மீ. திருகுக்கு 3 மி.மீ. துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை மெழுகு தடவி ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். இரும்பையே விட்டுவைத்தால், ஈரம் படும் இடத்தில் அதைச் சுற்றி மரம் கறுக்கும்.

ஊரில் சொந்தத் தோட்டத்து வேங்கையை வெட்டிக் கொண்டுவர நினைப்பவர்கள், வெட்டும் முன்பே வனத்துறையில் அனுமதி பற்றியும் ஏற்றிச் செல்லும் பாஸ் பற்றியும் விசாரித்துவிடுங்கள். கடையில் வாங்கினால் மர வகையும் கன அடியும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.