ஈசிஆரில் கடல் பார்த்த வீடு: கிழக்குப் பக்கம் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடு கட்டுகிறவர்கள் பலர் முதலில் கேட்பது, "கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கலாமா?" என்பதுதான். வைக்கலாம். ஆனால் இந்தக் கரையில் கடல் இருப்பது கிழக்கே. காலை வெயில், பிற்பகல் கடல்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, உப்பு என எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வருகின்றன.

காலை வெயில் சாய்வாக விழும். இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது. கண்ணாடிக் கூடம் எட்டு மணிக்கே சூடேறிவிடும். அப்புறம் திரையை இழுத்துவிட்டு ஏசி போட வேண்டியதுதான். கடலும் தெரியாது, காற்றும் வராது. எட்டடி அகலத் தாழ்வாரம் போட்டு, ஓரத்தில் மூங்கில் தட்டி கட்டினால் வெயில் ஏறியதும் சுருட்டிக்கொள்ளலாம். மழைச்சாரலுக்கும் அதுவே காப்பு.

அடுத்தது மேற்குச் சுவர். குளியலறை, ஸ்டோர், மாடிப்படி என்று அதை வரிசையாக அடைத்துவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத வீட்டுக்குள் காற்று நுழையாது. மேற்கு வெயிலுக்குப் பயந்தால் பெரிய ஜன்னல் வேண்டாம், உயரத்தில் ஜாலியோ (துளைகள் விட்ட சுவர்) வென்டிலேட்டரோ போதும்.

பணத்தை அதிகம் விழுங்குவது கான்கிரீட்டில் செய்யும் தவறுதான். ஊருக்குள் கட்டுகிற அதே கணக்கில் கம்பிக்கு 20, 25 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) விட்டுக் கட்டிவிடுகிறார்கள். கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456 கேட்பது 45 மி.மீ. கவர், குறைந்தது எம்30 வலிமையுள்ள கலவை. உப்பு கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். பால்கனி அடியில் மயிரிழை விரிசலாகத் தொடங்கி, ஒருநாள் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். மனையிலுள்ள போர் தண்ணீரிலேயே கலவை போடுவதும் இதே வினைதான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். கைப்பிடிக்கு 'துருவே பிடிக்காது' என்று 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தலையில் கட்டுவார்கள். கடலோரத்தில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும். 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

மனை உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறும் உச்ச எல்லை) எத்தனை மீட்டர் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பாயும்.

புல்தரைக்காக மணல்மேட்டைச் சமன் செய்வது எனக்குப் பிடிபடாத ஆசை. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் அந்த மேடுதான் புயல் அலைக்கு முதல் தடை. புல்தரைக்கோ தினமும் போர் தண்ணீர் வேண்டும். மணலுக்கடியில் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது; மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் சுமார் 40 மீட்டர் வரை ஏறக்கூடும். போர் உப்பாவது இப்படித்தான்.

அப்புறம் விளக்கு. பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட இந்தக் கரைக்குத்தான் வருகின்றன. பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி வீட்டை நோக்கி ஊரும். கடல் பக்க விளக்குகளுக்கு மறைப்புப் போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். தை முதல் சித்திரை வரை இரவில் அணைத்தே வையுங்கள்.