மட்டக்களப்பில் வழி பிடிப்பது: பாலம், பஸ், பாதை

மட்டக்களப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெருப் பெயர்களைப் பாடமாக்கப் பார்க்கிறார்கள். அது பிறகு தானாக வரும். முதலில் படிக்க வேண்டியது தண்ணீரை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்த ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் நிற்பது எந்தத் துண்டில், போக வேண்டிய துண்டுக்கு எந்தப் பாலம் என்ற இரண்டும் தெரிந்தால் வழி தவறாது.

நகரத்துக்கு மூன்று துண்டுகளை மனதில் வைத்தால் போதும். ஒன்று புளியந்தீவு. பெயர் சொல்கிறபடியே அது தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, பழைய கல்லூரிகள், முனை வீதிப் பக்கத்துப் பஸ் நிலையம் எல்லாம் இதில்தான். இரண்டாவது வடக்கே உள்ள பெருநிலம்: கோட்டைமுனை, தாண்டவன்வெளி, அரசடி, ரயில் நிலையம். மூன்றாவது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எனத் தெற்கே நீண்டு போவது அதுதான்.

புளியந்தீவையும் கோட்டைமுனையையும் பெரிய பாலமும் சின்னப் பாலமும் இணைக்கின்றன. கல்லடிப் பாலம் புளியந்தீவிலிருந்து போவதில்லை. அது அரசடிப் பக்கத்தையும் கல்லடியையும் இணைக்கிறது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். புளியந்தீவுக் கரையில் நின்றால் எதிர்க்கரை பக்கத்தில் தெரியும், நேரே நடந்துவிடலாம் போலிருக்கும். ஆனால் முதலில் வடக்கே பாலம் ஏறி, அரசடிக்கு வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தை நம்பி நேரம் கணக்குப் போடாதீர்கள்.

கல்லடியில் இரண்டு பாலங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இரும்புச் சட்டங்களோடு ஒடுங்கி நிற்பது 1924இன் லேடி மெனிங் பாலம். அகலமானது 2013இல் திறந்தது, வாகனங்கள் அதில்தான் ஓடும். நடக்கிறவர்கள் பழையதில் போங்கள். மாலை ஐந்தரைக்கு அதில் ஒருமுறை நடந்தாலே நகரத்தின் படம் மனதில் விழுந்துவிடும்: ஒரு பக்கம் கல்லடி, மறுபக்கம் அரசடி, நடுவில் வலை வீசும் தோணிகள்.

நகரத்தை விட்டு வெளியே போனால் திசைக்கு வேறு சொற்கள் உண்டு. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. "அவர் படுவான்கரைக்குப் போயிற்றார்" என்றால் வாவியைக் கடந்து வயற்புறத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள்.

ஊர்ப் பெயர்களையும் வரைபடம் போலப் படிக்கலாம். "அடி" என்று முடிந்தால் பெரும்பாலும் மரத்தடியோ கோயிலடியோ: அரசடி, நாவலடி, பிள்ளையாரடி. "முனை" என்றால் தண்ணீருக்குள் நீட்டிய நிலம்: கோட்டைமுனை, நொச்சிமுனை. "குடா" தண்ணீர் உள்ளே வளைந்து வந்த இடம்: நாவற்குடா, சேத்துக்குடா. "துறை" தோணி கட்டிய இடம்: அம்பிளாந்துறை. "வெளி" திறந்த நிலம், "மடு" ஆழமான நீர், "கேணி" குளிக்கவும் குடிக்கவும் வெட்டியது. முனையிலும் குடாவிலும் தெரு திடீரென்று கரையில் முடிந்துவிடும். பெயரில் அவை இருந்தால், "அங்கால போக ரோட்டு இருக்கா?" என்று கேட்காமல் வாகனத்தை உள்ளே விடாதீர்கள்.

வழி கேட்கிற முறையும் முக்கியம். வீட்டு இலக்கத்தையும் குறுக்குத் தெரு எண்ணையும் காட்டினால் பலர் யோசிப்பார்கள். கோயில், பள்ளிவாசல், பாடசாலை, சந்தி என்று கேட்டால் உடனே பதில் வரும். "நேரே போய், சோத்துக்கைப் பக்கம் கிறுகுங்க" என்பார்கள். சோத்துக்கை வலக்கை, கிறுகுவது திரும்புவது. "கிட்டத்தான்" என்ற பதிலில் மட்டும் கவனம் வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இரண்டு கிலோமீற்றரும் கிட்டத்தான். "நடந்து போக ஏலுமா? எத்தினை நிமிசம் செல்லும்?" என்று கேளுங்கள், சரியான கணக்கு கிடைக்கும். அண்ணன், அக்கா, ஐயா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அண்ணனுக்குக் காக்கா, நானா, அக்காவுக்கு ராத்தா.

பஸ்ஸைப் பொறுத்தவரை ஒரு விதியில் முக்கால்வாசி அடங்கிவிடும். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், களுவாஞ்சிகுடி என்று பலகை போட்டது தெற்கே போகும். நகரத்திலிருந்து கிளம்பினால் கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகத்தான் போக வேண்டும், வேறு பெருந்தெரு இல்லை. ஏறாவூர், வாழைச்சேனை, பொலன்னறுவை, திருகோணமலை, கொழும்பு என்று போட்டது பொதுவாக வடக்கே போகும். பதுளை பஸ் குழப்பும். பதுளை தென்மேற்கே இருந்தாலும் பஸ் முதலில் வடக்கே செங்கலடிக்குப் போய், அங்கேதான் மேற்கே திரும்பும். ரயில் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் போகிறவர்கள் ரயிலை விட்டிறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.

சிவப்பு பஸ் அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது (இ.போ.ச.), மற்றவை தனியார். ஏறுவதற்கு முன் நடத்துனரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி, "அதில நிப்பாட்டுவீங்களா?" என்று கேளுங்கள். தூரப் பயண பஸ்கள் சின்னத் தரிப்பிடங்களில் நிற்பதில்லை. ஏறிய பிறகு சொன்னால் அடுத்த சந்தியில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டிவரும். முன் இருக்கைகளில் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும், பார்த்து உட்காருங்கள். இறங்குமிடத்துக்குக் கொஞ்சம் முன்பே எழும்பி, கதவுப் பக்கம் வந்து, "இறக்கம்!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பஸ் நின்ற பிறகு எழும்பினால் அது கிளம்பிவிடும்.

காசு விஷயம். 20, 50, 100 ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். காலைப் பஸ்ஸில் 5000 ரூபாயை நீட்டினால் மிச்சம் இருக்காது. நடத்துனர் மிச்சத்தை டிக்கட்டின் பின்னால் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் அதை மறப்பவர்கள் அதிகம். டிக்கட்டைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்திருங்கள். பாடசாலை தொடங்கும் நேரமும் 1.30க்கு விடும் நேரமும் எழுவான்கரைப் பெருந்தெரு பிள்ளைகளால் நிறைந்திருக்கும். கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர்தான், ஆனால் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

ஓட்டோவுக்கு ஏறுமுன் விலை பேசுங்கள். போக மட்டுமா, நின்று கூட்டி வரவா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். நிலம் தட்டையானதால் நகரத்துக்குள் சைக்கிளை மிஞ்ச ஒன்றும் இல்லை.

வாவியைக் கடக்கப் பாலம் இல்லாத இடங்களில் "பாதை" உண்டு. இங்கே பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகும் தட்டையான மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் வந்ததால் கொக்கட்டிச்சோலைக்கு இப்போது ரோட்டாலேயே போகலாம். குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் ஆகியவை பாதையால் பேர்போன துறைகள். கிளம்புமுன், "இண்டைக்குப் பாதை ஓடுதா? கடைசிப் பாதை எத்தினை மணிக்கு?" என்ற இரண்டையும் விசாரியுங்கள். காற்றோ வெள்ளமோ கூடினால் நிறுத்திவிடுவார்கள்.

துறைக்கு வந்ததும் வருகிற பாதையில் இருப்பவர்கள் இறங்க இடம் விட்டு ஓரமாக நில்லுங்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, உருட்டியே ஏற்றுங்கள். ஓட்டி ஏற்றினால் ஈரமும் மணலும் சேர்ந்த இரும்புத் தகட்டில் முன்சில்லு வழுக்கும். மேலே ஏறியதும் பக்கத் தாங்கியை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம். அக்கரையில் முட்டும்போது ஒரு குலுக்கல் வரும், அதில்தான் சைக்கிள்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்கின்றன. முன்பிரேக்கைப் பிடித்தபடி பக்கத்திலேயே நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளை நடுவில் நிறுத்துங்கள், ஓரக் கம்பியில் சாய விடாதீர்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறுவதால் தகட்டுக்கும் கரைக்கும் இடையில் படி விழும். முதலில் ஆள் இறங்கி, பிறகு இரண்டு பேராக வண்டியை இறக்குங்கள்.

மண்டூரில் கடைசிப் பாதையைத் தவறவிட்டால் வெல்லாவெளி வழியாகப் பட்டிருப்புப் பாலத்துக்குச் சுற்றி வந்து களுவாஞ்சிகுடியில் ஏற வேண்டும். பொழுதுபட்ட பிறகு படுவான்கரையின் உள்வீதிகளில் மோட்டார் சைக்கிளில் தனியே போக வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள இடங்கள் அவை, தெருவிளக்கும் எல்லா இடத்திலும் இல்லை. ஐந்து மணிக்குள் இந்தக் கரைக்கு வந்துவிடுவது நல்லது.

நாள் பார்த்துக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரம் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கடை அடைத்திருக்கும். துணி வாங்குவதாக இருந்தால் வேறு நாள் போங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் வீதிகள் நிறைந்துவிடும், அன்று அந்தப் பக்கம் நடைதான். நடு வருடத்தில் மேற்கிலிருந்து வீசும் சூடான கச்சான் காற்றில் பதினொரு மணிக்குப் பின் நடப்பது உடலுக்கு ஆகாது. காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் நடையை முடியுங்கள். (கடலைக்கும் இங்கே கச்சான்தான் பெயர், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.) நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. தாழ்ந்த குறுக்குத் தெருக்களில் தண்ணீர் நிற்கும், அப்போது பெருந்தெருவை விட்டு இறங்காதீர்கள்.

பாடும் மீன், அதாவது வாவியின் நீருக்கடியிலிருந்து வரும் ஒலி, கேட்க வேண்டுமென்றால் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், பூரணையை ஒட்டிய இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணி பேசுங்கள். பாலத்தின் மேல் நின்றால் வாகன இரைச்சல்தான் கேட்கும். தோணிக்காரரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் முனையைக் காதோடு அழுத்துங்கள். மூச்சைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள். தோணியில் ஒருவர் கதைத்தாலும் அந்த மெல்லிய ரீங்காரம் அமுங்கிவிடும்.