காலியான நோடை விட்டுத் திணறும் நோடுக்கே பாட் போனது ஏன்?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் கொள்முதல், பில் செயலிகளைக் குபெர்னெட்டிஸில் (செயலிகளைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் மென்பொருள்) ஓட்டித் தருகிறேன். சீசன் சூடுபிடித்ததும் ஒரு நோடின் (அதில் உள்ள ஒரு சர்வர்) சிபியு திணறியது. பக்கத்து நோடு சும்மா கிடந்தது. அப்படியும் புதிய பாட்கள் (செயலி ஓடும் சிறு பொட்டலங்கள்) திணறும் நோடுக்கே போய் விழுந்தன.

எந்தப் பாட் எந்த நோடுக்கு என்று முடிவு செய்யும் வழக்கமான ஷெட்யூலர் உண்மையான பயன்பாட்டைப் பார்ப்பதே இல்லை. பாட் தனக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்கும் சிபியு, மெமரி அளவை, அதாவது ரிக்வெஸ்டைத்தான் கூட்டுகிறது. மண்டியில் லாரியை எடை போடாமல் சீட்டில் எழுதிய டன்னை நம்புகிற மாதிரி. ஒதுக்கியது போக எந்த நோடில் அதிக விகிதம் மிஞ்சுகிறதோ, அதற்கே நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் கூடுதல் மதிப்பெண். பாட்டுக்குள் ஓடும் கன்டெய்னர் ரிக்வெஸ்டே எழுதாதது என்றால், மதிப்பெண் போடும்போது மட்டும் 100 மில்லிகோர் (ஒரு சிபியு கோரில் பத்தில் ஒன்று), 200 எம்பி மெமரி என்று தானாக வைத்துக்கொள்ளும். பில் பாட்கள் அந்த ரகம். தின்பதோ பல மடங்கு. சும்மா கிடந்த நோடில் ஒரு டேட்டாபேஸ் பெரிய ரிக்வெஸ்டோடு உட்கார்ந்திருந்ததால், கணக்கில் அதுதான் நிரம்பியதாகத் தெரிந்தது.

அப்புறமென்ன, உச்ச நேரத்தில் கியூப்சிடிஎல் டாப் (உண்மையான பயன்பாட்டைக் காட்டும் கட்டளை) காட்டிய அளவை வைத்து பில் பாட், டேட்டாபேஸ் இரண்டின் ரிக்வெஸ்டையும் திருத்தினேன். பாட்கள் புதிதாக எழுந்து, பிரிந்து உட்கார்ந்தன. (கை வைக்காத பழைய பாட்களை ஷெட்யூலர் தானாக இடம் மாற்றாது.) லிமிட் (தாண்டக் கூடாத உச்ச அளவு) மட்டும் எழுதினால் அதுவே ரிக்வெஸ்டாகவும் ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.