ஒரு விலை நியாயமானதா என்று அக்குவினாஸ் வழியில் சோதிப்பது

13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ மெய்யியலாளரான தாமஸ் அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் வணிக ஏமாற்றுகளுக்கென்றே ஒரு 'வினா'வை, அதாவது நூலின் ஒரு பிரிவை, ஒதுக்கியிருக்கிறார். அவர் காட்டும் முறையை இன்றைய பேரத்துக்கும் பயன்படுத்தலாம்.

முதலில், அப்பொருள் பொதுவாக என்ன விலைக்கு மதிக்கப்படுகிறது என்று கேட்டறியுங்கள். நியாய விலை ஒரு புள்ளியில் நிற்பதன்று, ஓர் உத்தேச மதிப்பீடே என்று அவரே ஒப்புக்கொள்வதால், சிறிய ஏற்றத்தாழ்வுக்காக எவரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை.

விலை மிகவும் கூடியிருந்தால், அந்தக் கூடுதல் யாருடைய நிலையிலிருந்து பிறந்தது என்று பாருங்கள். கூர்மையான சோதனை இதுதான் என்பது என் எண்ணம். பொருளை இழப்பதால் தமக்கு நேரும் நட்டத்துக்காக விற்பவர் கூட்டிக் கேட்கலாம்; வாங்குபவரின் தேவையைக் காட்டிக் கூட்டக் கூடாது, ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவருடையது; தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்க முடியாது.

பிறகு குறைபாடுகள். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால் விற்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்குக் கேடு விளைவிக்கக்கூடிய மறைவான குறையையோ சொல்லியே தீர வேண்டும்.

பலரும் தடுமாறும் இடம் கடைசியில் வருகிறது. பஞ்சமுள்ள ஊருக்குக் கோதுமை கொண்டுவரும் வணிகருக்கு, பின்னால் வேறு வண்டிகளும் வருவது தெரியும். அதைச் சொல்லாமல் நடப்பு விலைக்கு விற்றால் நீதி மீறப்படுவதில்லை. சொல்வதோ விலையைக் குறைப்பதோ மேலான அறம். ஆகவே உங்கள் தீர்ப்பில் 'கடமை', 'பெருந்தன்மை' இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.